கறுப்புக் கண்ணாடியும் நமது கல்லாப்பெட்டியும்

பஞ்சிகாவத்தையில் வாகன அலங்காரச் சாமான் விற்கும் ஒருவன் அந்தச் சாமான்களைக் குறை சொல்லி எழுதினால், வாசிப்பவர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "அப்படியென்றால் நீ ஏன் விற்கிறாய்?" என்பார். நியாயமான கேள்விதான். பதில் கட்டுரையின் நடுவில் வருகிறது. அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஒரு வாலிபர் கடைக்கு வந்தார். புடவைக் கடை வைத்திருக்கும் பிள்ளை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு வந்திறங்கிய டொயோட்டா ரைஸ் ஒன்றை எடுத்திருந்தார். ஒரு கோடி ரூபாவைத் தாண்டிய விலை, அதில் ஒரு பகுதி லீசிங். பேர்ல் வெள்ளை நிறத்தில் மணப்பெண் மாதிரி நின்றது வாகனம். அவர் சொன்னார்: "நானா, மினுங்கிற சாமான் ஒண்டும் மிச்சம் வைக்க வேணாம். எல்லாத்தையும் கறுப்பாக்கித் தாங்க."

எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான். முன் கிரில், அதிலுள்ள சின்னம், பக்கக் கண்ணாடிகளின் கூடு, கூரை, நான்கு சில்லு, எல்லா ஷட்டர்களும் பின்கண்ணாடியும், கடைசியாக டெயில் லைட் இரண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றரை இலட்சத்துக்குக் கிட்ட வந்தது. அவர் பேரம் பேசவில்லை. பேரம் பேசாத வாடிக்கையாளரைக் கண்டால் வியாபாரிக்குச் சந்தோஷம் வரவேண்டும். எனக்கு வரவில்லை. காரணத்தைத்தான் எழுதப் போகிறேன்.

ஆனால் முதலில் கறுப்பின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அழகில்லாத ஒன்றுக்கு இத்தனை பேர் காசு கொடுக்க மாட்டார்கள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வாப்பா வேலை செய்த கடை முதலாளியிடம் ஒரு கறுப்பு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் இருந்தது. காலையில் டிரைவர் அதைக் கழுவித் துடைத்து நிறுத்தினால் நாங்கள் அதன் கதவில் முகம் பார்ப்போம். இன்றைக்கும் ஒரு கறுப்பு வாகனம் நன்றாகக் கழுவித் துடைத்து நின்றால் அதற்கு ஈடான நிறம் இல்லை என்றுதான் சொல்வேன். வாகனத்தின் வளைவுகளைக் கறுப்பு மாதிரி வேறு நிறம் எடுத்துக் காட்டாது. மந்திரிமாரும் தூதுவர்களும் கறுப்பில் வருவதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. கறுப்பு என்றால் அதிகாரம், கறுப்பு என்றால் காசு என்று மனதில் பதிந்துவிட்டது. இத்தனைக்கும் ஒரு காலத்தில் கறுப்புத்தான் ஏழை நிறம். ஹென்றி ஃபோர்ட் தனது மொடல் டி காரை 1914 இலிருந்து 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றார். அந்தப் பூச்சு மலிவு, உறுதி. அதுதான் காரணம். நூறு வருடத்துக்குள் அதே கறுப்புக்கு "பிளக் எடிஷன்" என்று பெயர் வைத்து, கம்பனிகளே மேலதிக விலைக்கு விற்கின்றன. வியாபாரம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

இறக்குமதி இல்லாத அந்த ஐந்து வருடங்களும் எங்கள் தெருவுக்கு ஒரு வகையில் உதவின. புது வாகனம் வாங்க முடியாதவர்கள் பழையதைப் புதிதாக்கிப் பார்க்க வந்தார்கள். குரோம் கிரில் உள்ள பத்து வருடத்துப் பிரிமியோவைக் கறுப்புக் கிரிலும் கறுப்புச் சில்லுமாக மாற்றிவிட்டால் மூன்று வயது குறைந்த மாதிரித் தெரியும். உண்மையைச் சொன்னால் அந்த ஐந்து வருடமும் என் கடை வாடகையைக் கட்டியது இந்தக் கறுப்புத்தான்.

கண்ணாடிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டுப் பெண்கள் பின்னால் இருக்கிறார்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கவேண்டும், புத்தளத்துக்கோ மூதூருக்கோ நீண்ட பயணம். பின்கண்ணாடிகள் கொஞ்சம் இருட்டாக இருப்பதை அவர்கள் விரும்புவதில் என்ன தவறு? ஜப்பானிலிருந்து வரும் பல வாகனங்களில் பின் ஷட்டர்கள் தொழிற்சாலையிலேயே கறுப்புக் கண்ணாடியாகத்தான் வருகின்றன. ஆனால் அதே ஜப்பானில் முன் கதவுக் கண்ணாடி 70 வீத வெளிச்சத்தையாவது உள்ளே விடவேண்டும் என்பது சட்டம். பின்னால் இருப்பவருக்கு மறைவு வேண்டும், ஓட்டுபவருக்குப் பார்வை வேண்டும் என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் அந்தப் பிரிப்பைத்தான் விட்டுவிட்டோம்.

இனி வெயிலுக்கு வருவோம். நமது நாட்டில் ஒரு கறுப்பு வாகனத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, ளுஹர் தொழுதுவிட்டு வந்து கதவைத் திறந்து பாருங்கள். கைப்பிடியைத் தொடவே யோசிப்பீர்கள். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லோரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுகூடத்தார் கறுப்பு ஒன்றும் வெள்ளி நிறம் ஒன்றுமாக இரண்டு ஹொண்டா சிவிக் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்து 2011 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் கறுப்புக் காரின் கூரை மற்றதைவிட 25 பாகை செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடேறியது. உள்ளே மூச்சு விடும் காற்றில் 5, 6 பாகை வித்தியாசம். கலிபோர்னியாவில் எடுத்த கணக்கு இது. அந்தச் சூட்டை இறக்குவது ஏசி. ஏசியை ஓட்டுவது பெற்றோல். 2022 இல் கியூஆர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"அதற்காகத்தானே நானா கண்ணாடிக்கு டின்ட் ஒட்டுகிறோம்" என்பார்கள். இங்கேதான் எங்கள் வியாபாரத்தின் பெரிய ஏமாற்று இருக்கிறது. இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு. சூரியனிடமிருந்து வரும் சக்தியில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மலிவான ஃபிலிமில் இருப்பது வெறும் சாயம். அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் மறைக்கும். அகச்சிவப்பை அவ்வளவாகத் தடுக்காது. அதோடு சாயம் குடித்த சூட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பி விடும். நல்ல செரமிக் ஃபிலிம் பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடி மாதிரியே இருக்கும். ஆனால் சூட்டை அது நன்றாகத் தடுக்கும். விலை மூன்று நான்கு மடங்கு. வாடிக்கையாளர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கறுப்பாக இருப்பதைக் காட்டி "இதுதான் சூடு பிடிக்காது" என்று அவரே முடிவு செய்வார். பல வருடம் நானும் அவரைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் விலை கூடியதை விற்றிருக்கலாம் என்பது பிறகுதான் புத்தியில் பட்டது.

அந்த மலிவு ஃபிலிம் வெயில் பட்டுப்பட்டு ஊதா நிறமாகும். பிறகு கொப்புளம் போடும். பின்கண்ணாடியில் ஒட்டியதைப் பிளேட்டால் சுரண்டினால், பனியை நீக்குவதற்காக அந்தக் கண்ணாடியில் ஓடும் மெல்லிய கம்பிக் கோடுகளும் அறுந்துவிடும். சில வாகனங்களில் ரேடியோவின் அன்டெனாவும் அந்தக் கண்ணாடியிலேயே இருக்கிறது. ஐயாயிரம் ரூபா ஃபிலிமைக் கழற்றப்போய்ப் பின்கண்ணாடியையே மாற்றியவர்கள் எங்கள் தெருவுக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கையும் சொல்லிவைக்கிறேன். ஃபிலிம் ரோலில் 50 என்று போட்டிருந்தால் பாதி வெளிச்சம் உள்ளே வரும் என்று நினைக்கிறோம். அது ஃபிலிமின் கணக்கு மட்டும். கண்ணாடிக்கென்று ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி 70 வீதம் விடுகிறது, அதற்கு மேல் 50 வீத ஃபிலிம் என்றால் கடைசியில் உள்ளே வருவது 35 வீதம். தொழிற்சாலைக் கறுப்புக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கறுப்பை ஒட்டுகிறவர் இரவில் எதைப் பார்த்துப் பின்னால் எடுக்கிறார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2012 இல் சரக்கெடுக்கச் சென்னைக்குப் போயிருந்தேன். மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறது. நமது பஞ்சிகாவத்தை மாதிரி, வாகன அலங்காரச் சாமான் கடைகள் நிறைந்த தெரு. வழக்கமாக ஃபிலிம் ஒட்டுவதற்கு வாகனங்கள் வரிசையில் நிற்கும். அந்த முறையும் வரிசை இருந்தது, ஆனால் ஃபிலிமைச் சுரண்டுவதற்கு! அந்த வருடம் ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் கண்ணாடிகளில் எந்த ஃபிலிமும் ஒட்டக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. கண்ணாடி தயாரிக்கும்போதே முன்னும் பின்னும் 70 வீதம், பக்கங்களில் 50 வீதம் வெளிச்சம் விடுவதாக இருக்கவேண்டும், அதற்கு மேல் ஒன்றும் ஒட்டக்கூடாது. அந்தத் தடை பின்னர் எப்படி இளகியது என்பது வேறு கதை. அன்றைக்கு அங்குள்ள கடைக்காரர்கள் ரோல்களை வந்த விலைக்குக் கொடுத்தார்கள். நானும் அள்ளிக்கொண்டு வந்தேன். வியாபாரியின் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. அங்கே ஏன் தடுத்தார்கள் என்று யோசிக்கவில்லை, இங்கே என்ன விலைக்குப் போகும் என்றுதான் யோசித்தேன்.

யோசித்திருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி என்ன செய்யும் என்பது கொழும்பில் தொழில் செய்த எவருக்கும் தெரியாததல்ல. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிக்குக் கிட்டும்போதே உள் விளக்கைப் போட்டு, நான்கு ஷட்டரையும் இறக்கி, மெதுவாகப் போன கைப்பழக்கம் எனக்கு இன்னும் முழுதாக மாறவில்லை. 2006, 2007 ஆண்டுகளில் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் கப்பத்துக்காகக் கடத்தப்பட்டது நம்மில் பலருக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கும். வெள்ளை வேன் என்று சொன்னாலே போதும், மற்றது விளங்கும். அந்த வேன் தெருவில் பத்துப் பேருக்கு நடுவில் போகும். உள்ளே யார் இருக்கிறார், அவருடைய கை கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடி கறுப்பு.

காசுப் பையோடு போகிறவருக்குக் கறுப்புக் கண்ணாடி பாதுகாப்பு என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். பையை மறைக்கும்தான். உங்கள் கழுத்தில் ஒருவன் கத்தியை வைத்தால் அதையும் சேர்த்து மறைக்கும். 2019 ஏப்ரலுக்குப் பின்னரான மாதங்களில் தொப்பியோடு வாகனம் ஓட்டிய நமக்குச் சாவடியில் கிடைத்த பார்வையை விரிவாக எழுதத் தேவையில்லை. அந்த மே மாதத்தில் என் சொந்த வாகனத்தின் முன் ஷட்டர் ஃபிலிமை நானே சுரண்டினேன். என் முகத்தை அவர்கள் தூரத்திலேயே பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் கடையில் விற்பதை நிறுத்தவில்லை.

இப்போது நடுவில் சொல்வதாகச் சொன்ன பதில்.

டெயில் லைட்டுக்கு ஒட்டும் புகை நிற ஃபிலிமும், அதற்கென்றே வரும் கறுப்பு ஸ்பிரேயும் சில வருடங்களுக்கு முன் நன்றாக ஓடிய சாமான்கள். முதல் குறைவு, இலாபம் கூட. ஒரு துண்டு ஃபிலிம், அரை மணி நேர வேலை, பாதிக்கு மேல் நமக்கு. என் ராத்தாவின் மகன் ஒரு பழைய டெலிவரி வேன் வாங்கிப் புடவை மொத்த வியாபாரம் தொடங்கியபோது, மாமாவின் அன்பளிப்பாக அவனுடைய வேனையும் என் கடையிலேயே அலங்கரித்துக் கொடுத்தேன். சில்லுக்குக் கறுப்பு, பின்கண்ணாடிக்குக் கறுப்பு, டெயில் லைட்டுக்குப் புகை நிறம். காசு வாங்கவில்லை. பையனுக்குச் சந்தோஷம். போன் போட்டுப் போன் போட்டுப் படம் அனுப்பினான்.

2023 நவம்பரில் ஒரு மாலை, புத்தளத்திலிருந்து திரும்பும் வழியில் மாதம்பைக்குக் கிட்ட, மஃரிப் நேரம். நமது நாட்டில் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் நடுவில்தான் இறங்கும். வீட்டுக்குப் போகிறவன், கடைக்குப் போகிறவன், லைட் இல்லாத சைக்கிள் எல்லாம் தெருவில் இருக்கும் நேரம் அது. ரோட்டில் மாடு குறுக்கே வந்ததால் பையன் பிரேக் பிடித்தான். பின்னால் வந்த லொறி பிடிக்கவில்லை. லொறிக்காரன் குடிக்கவுமில்லை, வேகமாக வரவுமில்லை. "லைட் எரிஞ்சது தெரியல்ல" என்று பொலிஸில் சொன்னான். நான் நம்புகிறேன். அந்த வெளிச்சத்தில் புகை நிறத்துக்குப் பின்னால் எரியும் சிவப்பு, எரியாத சிவப்பு மாதிரித்தான் இருக்கும். பின்கண்ணாடிக்குள்ளே மேலே ஒரு மூன்றாவது பிரேக் லைட் இருக்கிறதே, அதையும் நான் ஒட்டிய கறுப்பு மறைத்துவிட்டிருந்தது. வாகனத்தில் லைட் எரியாமல் நின்றாலும் பின்னால் வருபவரின் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுவதற்கென்று சிவப்புத் தெறிப்புத் தகடு ஒன்று டெயில் லைட்டோடு இருக்கும். அதன் மேலும் ஒட்டியிருந்தேன். கம்பனிக்காரன் பின்னால் வருபவனுக்கென்று வைத்த எல்லா வெளிச்சத்தையும் ஒன்று விடாமல் மூடியிருக்கிறேன்.

உயிர் தப்பினான், அல்ஹம்துலில்லாஹ். இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. நான்கு மாதம் படுக்கை. புடவை வியாபாரிக்கு வருடத்தில் ஒரு நோன்பு மாதம்தான் உண்டு. 2024 நோன்பு சீசன் முழுவதையும் அவன் கட்டிலில் இருந்துகொண்டு போனில் பார்த்தான். எடுத்த சரக்குக்குக் கொடுத்த செக்குகள் தேதி தேதியாக வந்துகொண்டிருந்தன. காப்புறுதிக் கம்பனியிலிருந்து வந்தவர் முதலில் படமெடுத்தது டெயில் லைட்டைத்தான். பிறகு ஏற்பட்ட இழுபறியையும் கடைசியில் கிடைத்த தொகையையும் சொன்னால் நீங்கள் என்னைத்தான் ஏசுவீர்கள். அவன் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்தா மட்டும் ஒரு நாள், சாப்பாடு போட்டுக்கொண்டே, "நீ குடுத்த சாமான்தானே தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து லைட்டுக்கு ஒட்டும் எதையும் நான் விற்பதில்லை. முன் கதவுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதில்லை. மற்றவை இருக்கின்றன. கறுப்பையே ஒழித்துவிட்டேன் என்று நான் பெருமை பேசவில்லை. கண்ணாடியும் லைட்டும் பார்ப்பதற்கும் பார்க்கப்படுவதற்கும் உள்ளவை. கிரிலும் சில்லும் அலங்காரம். அலங்காரத்தில் நட்டப்பட்டால் உங்கள் காசோடு போகும்.

அந்தக் காசுக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வாகனம் என்பது முதலீடு. வரி விதிப்பு அப்படி. மற்ற நாட்டில் வாங்கி ஓட்டித் தேய்ந்து எறிவார்கள். நாம் பத்து வருடம் ஓட்டியும் நல்ல விலைக்கு விற்க எதிர்பார்க்கிறோம். வங்கியில் கடன் கிடைக்காத வியாபாரி அவசரத்துக்கு விற்பது அல்லது அடகு வைப்பது இதைத்தான். அப்படியான ஒன்றில் கைவைக்கும்போது விற்கும் நாளை நினைக்கவேண்டும். வாங்க வருகிறவர் பெரும்பாலும் நாற்பது தாண்டியவர், குடும்பஸ்தர். கறுப்புக் கூரை, கறுப்புச் சில்லு, கறுப்புச் சின்னம் எல்லாவற்றையும் கண்டதும் அவர் மனதில் வருவது "இது பொடியன் ஓட்டின வாகனம், நல்லா ஓட்டியிருப்பான்" என்பதுதான். விலையைக் குறைத்துத்தான் பேச்சைத் தொடங்குவார். கழற்றிய அசல் சாமான்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார். பத்தில் எட்டுப் பேர் வைத்திருக்கமாட்டார்கள். அந்தக் குரோம் கிரிலை என்னிடமே விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு வருடம் கழித்து அதை என்னிடமே வாங்க வருவார்கள்.

கறுப்புச் சில்லு கல் விளிம்பில் ஒரு முறை உரசினால் போதும், உள்ளிருக்கும் அலுமினியம் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். வெள்ளிச் சில்லில் அதே கீறலைத் தேடித்தான் பார்க்கவேண்டும். புதிய வாகனங்களின் சில்லு வளைவிலும் பம்பர் ஓரத்திலும் வரும் பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் நம் வெயிலில் சில வருடத்தில் சாம்பலாகிவிடும். அதற்குத் தேங்காயெண்ணெய் பூசுபவர்களும் உண்டு. இரண்டு நாள் கறுப்பாக இருக்கும், மூன்றாம் நாள் தூசி பிடித்து இன்னும் மோசமாகும். உள்ளே கியர் லீவரைச் சுற்றிவரும் பளபளப்பான கறுப்பு இருக்கிறதே, பியானோ பிளக் என்பார்கள், அது ஷோரூமில் மட்டும்தான் பளபளக்கும். பிறகு கைரேகையும் கீறலும்தான்.

கறுப்புப் பெயின்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. டொயோட்டாக்காரர் 202 என்று ஒரு கறுப்பு வைத்திருக்கிறார்கள், 209 என்று இன்னொன்று. முதலாவது தனிக் கறுப்பு. இரண்டாவதில் மைக்கா பொடி கலந்திருக்கும். வெயிலில் மெல்லிதாக மின்னும். 202 கழுவிய அன்றைக்கு ராஜா. மறுநாள் துணியால் துடைத்த கோடெல்லாம் வட்டம் வட்டமாகத் தெரியும். கட் அண்ட் பொலிஷ் போடுகிறவர்கள் கறுப்பு வாகனத்துக்குக் கூடுதல் கூலி கேட்பது அநியாயமல்ல. கறுப்பு வேண்டுமென்று பிடிவாதமாக நிற்கிறவருக்கு 209 எடுக்கச் சொல்வேன். நிழலான தரிப்பிடம் இருக்கிறதா என்றும் கேட்பேன். வெள்ளை வாகனத்தை ஸ்டிக்கர் சுற்றிக் கறுப்பாக்க வருகிறவருக்கு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துப் பதிவுப் புத்தகத்தில் நிறம் என்று ஒரு இடம் இருப்பதை ஞாபகப்படுத்துவேன். புத்தகத்தில் வெள்ளை, வெளியில் கறுப்பு என்றால் விற்கும்போது லீசிங்காரனும் கேட்பான், பொலிஸும் கேட்கும். வெயிலில் வெந்த ஸ்டிக்கரை உரிக்கும்போது, முன்னர் டிங்கர் செய்து பெயின்ட் அடித்த இடம் இருந்தால் அந்தப் பெயின்டும் கூடவே வந்துவிடும். மறைத்து வைத்த பழைய விபத்தெல்லாம் அன்றைக்கு வெளியில் வரும்!

வெளிச்சம் குறைந்த நேரத்துக் கறுப்பைப் பற்றி அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 2007 இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். விக்டோரியா, மேற்கு அவுஸ்திரேலியா மாநிலங்களின் விபத்துப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பகலிலேயே கறுப்பு வாகனத்துக்கு வெள்ளையைவிட 12 வீதம் கூடுதலான விபத்து ஆபத்து இருந்ததாம். விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் அது இன்னும் கூடுகிறது. கறுப்பு வாகனம் ஓட்டுகிறவர்கள் ஆறு மணிக்கே லைட்டைப் போட்டுவிடுங்கள். அது எரிகிற மாதிரி வெளியில் தெரியவும் வேண்டும்.

என் சக வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சங்கங்கள் சத்தம் போட்டன, அது நியாயமா இல்லையா என்று ஊரெல்லாம் பேசியது. ஆனால் கடனுக்குச் சரக்கெடுத்து வைத்திருந்தவனுக்கு அந்த வாரமே வியாபாரம் நின்றது. ஒரு சுற்றறிக்கையில், ஒரு தீர்ப்பில், ஒரே நாளில் செத்துப்போகும் சரக்கு இது. சென்னையில் 2012 இல் நான் மலிவாக அள்ளிய ரோல்கள் வேறொரு வியாபாரியின் செத்த சரக்குத்தான். அன்றைக்கு அவருடைய முகத்தை நான் பார்க்கவேயில்லை, விலையைத்தான் பார்த்தேன். டெயில் லைட் ஃபிலிமில் முதலைப் போட்டு வைத்திருப்பவர்கள், அதை எடுத்து நல்ல செரமிக் ஃபிலிமிலோ ரிவர்ஸ் கேமராவிலோ போடுங்கள். இலாப வீதம் குறைவு, உண்மைதான். ஆனால் அதை ஒட்டிக்கொண்டு போனவன் எங்கே எப்படி நிற்கிறானோ என்று இரவில் யோசிக்கத் தேவையில்லை.

ரைஸ் கொண்டுவந்த வாலிபரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். கிரிலும் சில்லும் செய்து கொடுக்கிறேன், கழற்றும் சாமானை வீட்டில் கொண்டுபோய்ப் பத்திரமாக வையுங்கள் என்றேன். முன் ஷட்டருக்கு வெளிச்சம் விடும் செரமிக். பின்னால் கம்பனிக் கண்ணாடியே போதும். கூரையை விட்டுவிடுங்கள், வெள்ளைக் கூரைதான் உங்களுக்குப் பெற்றோல் மிச்சம். லைட்டில் கை வைக்கமாட்டேன். மூன்றரை இலட்சத்துக் கணக்கு ஒன்றே முக்கால் இலட்சமானது. மற்றதற்கெல்லாம் தலையாட்டியவர் லைட்டுக்கு மட்டும் முகம் சுளித்தார். "அது இல்லாட்டி லுக் வராது நானா" என்றார். ராத்தாவின் மகனைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். பாவம் என்றார். பிறகு, அந்த வேலையை வேறு யார் செய்வார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். எனக்குப் பக்கத்திலேயே மூன்று கடை இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை மருதானைச் சந்தியில் வெள்ளை ரைஸ் ஒன்று, கறுப்புக் கிரில், கறுப்புச் சில்லு. அவருடையது மாதிரித்தான் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது பார்க்கலாம் என்று ஓரமாக நின்றேன். சிக்னல் பச்சையில் இருந்தது. பிடிக்காமலே போய்விட்டார்.